ஒரு சாண் பின்னால் போன சீட்

நாத்தனாரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்கிற அண்ணியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இப்போது பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் முழுக்க நல்ல வார்த்தையாகவே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இதில் பாதிக்கு மேல் என் வீட்டுக்காரரைத் திட்ட வேண்டியிருக்கிறது.

அவளுக்கு ஷெட்டில் வைத்த பெயர் மிளகாய். என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. வயது நாற்பத்து நாலு, உயரம் ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைவு, குரல் மட்டும் எட்டடி. அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஆரம்பித்த கார் ஷெட் அது. அவர் எஞ்சின் பார்ப்பார். இவள் டிங்கர் வேலை பார்ப்பாள். நசுங்கிய கதவை நிமிர்த்துவாள், துரு தின்ற தரையை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பாள். வாசல் பலகையில் 'பிரதர்ஸ்' என்று எழுதியிருக்கும். இருப்பது ஒரே ஒரு பிரதர். கேட்டால், "பெயின்டர் தப்பா எழுதிட்டான், மாத்திடலாம்" என்பார் என் வீட்டுக்காரர். பதினாறு வருடமாக மாற்றிக்கொண்டிருக்கிறார்.

மிளகாய்க்கு உலகத்தில் ஆகாத பொருள் ஒன்று உண்டு. பட்டி. ஓட்டையை அடைத்து, தேய்த்து, மேலே பெயின்ட் அடித்து மறைக்கிற பசை. வண்டி உள்ளே வந்ததும் சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு சுற்றி வந்து தட்டுவாள். 'டங்' என்றால் தகடு. 'டொக்' என்றால் பட்டி. டொக் என்று கேட்ட இடத்தில் ஒரு போடு போட்டு ஓட்டையைத் திறந்துவிட்டுத்தான் வண்டிக்காரரிடம் பேசவே ஆரம்பிப்பாள். "ஏம்மா, நல்லா இருந்த வண்டிய ஓட்டை போட்டுட்டியே!" என்று அவர்கள் கத்துவார்கள். "நான் போடல. இருந்ததைக் காட்டினேன்" என்பாள். இருபத்தாறு வயதில் கல்யாணமாகி, இரண்டே வருடத்தில் ஒரு பையோடு திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கெல்லாம் அவள் சொன்ன பதில், "பட்டி போட்ட வண்டி." 

வருடத்துக்கு ஒரு முறை ஊருக்கு வெளியே, கைவிட்ட கல்குவாரியிலும் வறண்ட ஆற்றுப்படுகையிலும் முள்காட்டிலுமாக ஒரு கார் பந்தயம் நடக்கும். முறையான பெயர் ஏதோ நீளமாக இருக்கிறது. எல்லோருக்கும் அது தகரடப்பா ரேஸ். பெரிய வீரர்கள் யாரும் வர மாட்டார்கள். பல் டாக்டர், லாரி டிரைவர், பள்ளிக்கூட வாத்தியார், எங்களை மாதிரி ஷெட்காரர்கள், இவ்வளவுதான். கார் இருபது வயதைத் தாண்டியிருக்க வேண்டும், அடிமாட்டு விலைக்கு வாங்கியதாக இருக்க வேண்டும். காசுள்ளவன் கொட்டி இறைத்து ஜெயித்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு விதி வைத்திருக்கிறார்கள். பந்தயம் முடிந்த அரை மணி நேரத்துக்குள், ஓடி முடித்த யார் வேண்டுமானாலும் யாருடைய காருக்கு வேண்டுமானாலும் ஒரு மஞ்சள் தாள் எழுதிப் பெட்டியில் போடலாம். எல்லாக் காருக்கும் ஒரே விலை, ஒரு பழைய ஸ்கூட்டரின் விலை. தாள் விழுந்துவிட்டால் சாவியைக் கொடுத்தே ஆக வேண்டும். மாட்டேன் என்றால் மூன்று வருடம் பந்தயப் பக்கம் தலை வைத்துப் படுக்க முடியாது.

பெரும்பாலும் யாரும் போடுவதில்லை. ஓடி முடித்த கார்களைப் பார்த்தால், நாமே காசு கொடுத்து எடுத்துப் போகச் சொல்ல வேண்டும் போலிருக்கும். எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர் போட்டிருக்கிறார். வேறு யார், என் வீட்டுக்காரர்தான். நாலு வருடத்துக்கு முன்பு வாத்தியாருடைய காரின் கியர்பாக்ஸ் மேல் கண் வைத்து, மஞ்சள் தாளைப் போட்டுக் காரைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். வாத்தியார் கிட்டத்தட்ட அழுதுவிட்டார். "ரூல்னா ரூல் சார்" என்று இவர் பல்லைக் காட்டினார்.

எட்டு வருடமாக எங்கள் காரைப் பந்தயத்துக்குத் தயார் செய்தவள் மிளகாய். ஓட்டியவர் அவர். கல் அடிவயிற்றைக் கிழிக்காமல் இருக்க எஞ்சினுக்குக் கீழே தகடு கட்டியது, உருண்டால் கூரை தலையில் இறங்காமல் இருக்க உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டியது, எல்லாம் அவள் கை. முதல் வருடமே கேட்டாள், "அண்ணா, நான் ஒரு தடவை ஓட்டட்டுமா?" என்று. "அடுத்த வருஷம் நீதான்" என்றார். ஒவ்வொரு வருடமும் அதையே சொன்னார். எங்கள் வீட்டில் நடக்காத காரியத்துக்கு 'அடுத்த வருஷம்' என்று பெயரே வந்துவிட்டது. குளியலறைக் குழாய் சொட்டுகிறதே, எப்போது சரி செய்வீர்கள் என்று நான் கேட்டால், உள்ளேயிருந்து என் மகள் கத்துவாள்: "அடுத்த வருஷம்மா!"

போன பந்தயம் முடிந்ததும், பத்துப் பேர் முன்னால் தங்கையின் தோளில் கை போட்டுச் சொன்னார்: "அடுத்த வருஷம் சத்தியமா நீதான். சீட்டையே உன் அளவுக்கு வச்சுக்கோ." அவள் நம்பினாள். கோபக்காரர்கள் சீக்கிரம் நம்பிவிடுவார்கள், அதுதான் அவர்களுக்குள்ள வியாதி.

பந்தயக் காரின் சீட், நம் கார் சீட் மாதிரி முன்னும் பின்னும் நகராது. குலுங்குகிற குலுங்கலில் பிய்த்துக்கொண்டு வந்துவிடும் என்பதால், தரையோடு பற்றவைத்த நாலு இரும்புக் கால்களில் அசையாமல் முடுக்கிவிடுவார்கள். அதனால் யார் ஓட்டப்போகிறார்களோ அவர் காலுக்கு அளவெடுத்துத்தான் வைக்க வேண்டும். மிளகாயின் காலுக்கு வைத்தால் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது போல இருக்கும். வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வந்து, ஆறு மாதம் அந்தக் காரோடு மல்லுக்கட்டினாள். தரை முழுவதையும் மாற்றினாள். அந்தக் காரில் எங்கே தட்டினாலும் டங் என்றுதான் கேட்கும்.

பந்தயத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. திங்கட்கிழமை காலை. என் வீட்டுக்காரர் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க ஷெட்டுக்குப் போயிருந்தேன். மிளகாய் காரில் ஏறி உட்கார்ந்தாள். இடது காலை நீட்டினாள். கிளட்ச் எட்டவில்லை. மறுபடி நீட்டினாள். இறங்கிக் குனிந்து பார்த்தாள். அவள் வைத்த இரும்புக் கால்களை யாரோ வெட்டி, சரியாக ஒரு சாண் பின்னால் தள்ளிப் பற்றவைத்திருந்தார்கள்.

"யாருக்குண்ணா இது?"

என் வீட்டுக்காரர் கார்புரேட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இந்த வருஷம் மாப்ளே ஓட்டட்டும்மா. பைக் ரேஸெல்லாம் ஓடினவன். இந்தத் தடவையாவது கப்பு அடிக்கணும்ல."

மாப்ளே என்றது என் தம்பியை. ஆறடி ஒட்டகம். எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் மிளகாய்.

"சொன்னா நீ கத்துவே. அதான் மொதல்ல சீட்ட மாத்திட்டு அப்புறம் சொல்லலாம்னு. நீ எங்க போயிடப் போற? அடுத்த வருஷம்..."

"வாய மூடுங்க" என்றேன் நான். "என் தம்பிங்கறதால நான் பல்லிளிச்சிட்டு நிப்பேன்னு நெனச்சீங்களா? எட்டு வருஷமா ஒருத்திய ஏமாத்தறதுக்கு வெக்கமா இல்ல?"

"உனக்கு இதுல என்ன தெரியும்? நீ போய்த் தபால பிரி."

தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கிற வேலைதான் எனக்கு. பத்தொன்பது வருடமாக. அதைச் சொல்லிக் காட்டுகிறார் மனுஷன்.

நான் மிளகாய் கத்துவாள் என்று காத்திருந்தேன். சத்தியமாக, கத்த வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவள் கத்தவில்லை. சுத்தியலை எடுத்துப் புதிதாக வைத்த கால்களில் ஒன்றைத் தட்டினாள். பற்று பிளந்துகொண்டது. "இது வெல்டிங்கா? காக்கா எச்சம்" என்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாலு கால்களையும் வெட்டி எடுத்து, அதே இடத்தில், அதே ஒரு சாண் பின்னால், தன் கையால் ஒழுங்காகப் பற்றவைத்தாள். முக்கால் மணி நேரம். தன்னை இறக்கிவிட்ட சீட்டைத் தானே இறுக்கி வைத்தாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"உனக்குப் பைத்தியமா? அவங்க எப்படியோ போகட்டும்னு விட வேண்டியதுதானே!" என்று கேட்டேன்.

"உங்க தம்பி அண்ணி. குவாரில ஒரு பள்ளத்துல விழுந்தா சீட்டோட போயிடுவான். அப்புறம் நான் யாரத் திட்டறது?"

கையைத் துடைத்துக்கொண்டு நேரே தெருமுனைப் பழைய இரும்புக் கடைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அங்கே எடைக்குப் போடக் காத்திருந்த ஒரு சின்னக் காரைத் தட்டிப் பார்த்தாள். முன்பு மருந்துக்கடைக்கு டெலிவரி ஓடிய வண்டி. கதவு நாலும் நாலு நிறம். தட்டிய இடமெல்லாம் டொக். ஆனாலும் இரண்டு பக்க நீளச் சட்டமும் டங் என்றன. "இது போதும்" என்றாள்.

"எதுக்குப் போதும்?"

"ரேஸுக்கு. நீங்க பக்கத்துல உக்காந்து வழி சொல்லணும் அண்ணி. ரெண்டு பேர் இருந்தாத்தான் சேத்துக்குவாங்க."

"இத வச்சு எத்தனாவதா வர்றது?"

"கடைசியா வந்தாலும் போதும். ஓடி முடிக்கணும். முடிச்சவங்கதான் மஞ்சத் தாள் போட முடியும்."

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் கடைக்காரர் இருக்கிறார் என்றும் பாராமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன். சிரிப்பு அடங்கியதும்தான் பக்கத்துச் சீட்டில் உட்காரப்போவது நான் என்பது உறைத்தது. எனக்கு மாடி பஸ்ஸில் போனாலே வாந்தி வரும்.

பதினொரு நாள். காலை ஆறு மணிக்கு நானும் அவளும் ஷெட்டுக்குப் போவோம். ஒன்பது மணிக்கு நான் என் வேலைக்கு ஓடுவேன், அவள் ஷெட் வேலையைத் தொடங்குவாள். பின்சீட்டு, தரைவிரிப்பு, கதவு உள்ளட்டை, எல்லாவற்றையும் பிய்த்து எறிந்தோம். உருண்டு உருக்குலைந்த எங்கள் பழைய காரின் கூண்டு ஷெட்டுக்குப் பின்னால் கிடந்தது. அதை வெட்டிச் சுருக்கி உள்ளே வைத்தாள். எஞ்சினுக்கு அடியில் ஒரு பழைய பாய்லரின் கதவைக் கட்டினாள். ஆற்றில் இன்னும் ஓரிடத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும். எஞ்சினுக்குப் பொறி போகிற இடம் நனைந்தால் வண்டி அங்கேயே படுத்துவிடும். அதற்கு என் சமையலறை ரப்பர் கையுறையைக் கேட்டாள். விரல் நுனிகளை வெட்டி, ஒவ்வொரு விரல் வழியாகவும் ஒரு ஒயரை இழுத்து, பொறி கிளம்புகிற அந்த மூடியின் மேல் கையுறையை மாட்டிக் கட்டினாள்.

அதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்திரம் கழுவவா போறீங்க? மாப்ளே, இங்க வந்து பாரு!" என் தம்பி வந்து பார்த்தான், சிரிக்கவில்லை. அவனுக்காவது கொஞ்சம் உறைத்திருக்கிறது. ஆனால் உறைத்த பிறகும் அந்தச் சீட்டிலிருந்து இறங்கினானா? இல்லை. அவனையும் இங்கே எழுதித்தான் வைக்கிறேன். அப்போதும் அவர்கள் இருவருக்கும் மஞ்சள் தாள் நினைவுக்கு வரவில்லை. நாங்கள் வீம்புக்கு ஓட்டுகிறோம் என்று நினைத்தார்கள். தான் அடுத்தவனுக்குச் செய்ததைத் தனக்கும் செய்வார்கள் என்று இந்த மாதிரி ஆட்களுக்குத் தோன்றவே தோன்றாது.

பந்தய நாள் நாற்பத்தொரு கார். மூன்று சுற்று, மாலை ஐந்து மணிக்குள் முடிக்க வேண்டும். கையில் வழிக்குறிப்புப் புத்தகம். எந்தப் பாறையில் இடது, எந்த மரத்தில் வலது, எங்கே பள்ளம் என்று வரிசையாகப் போட்டிருந்தது. முகவரி படித்துப் படித்துத் தேய்ந்த கண் என்னுடையது. அதில் மட்டும் நான் சளைக்கவில்லை. வாந்தி எடுத்துக்கொண்டே சொன்னேன். "பள்ளம், இடது, மெதுவா... உவ்வே... வலது, ஏறு!"

மிளகாய் ஓட்டினாள். எப்படி ஓட்டினாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தட்டிப் பார்த்தே வண்டியைப் படித்தவள். எந்தக் கல்லில் எந்த இடம் இடிக்கும் என்று அவள் உடம்புக்கே தெரிந்திருந்தது. முதல் சுற்றில் குவாரி மேட்டில் நாலு சக்கரமும் தரையை விட்டு எழும்பி இறங்கியபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. எட்டு வருடமாக இவளிடமிருந்து இதைத்தானே மறித்து வைத்திருந்தார்கள்!

இரண்டாம் சுற்றில் எங்களை முந்திக்கொண்டு போனது அவள் செய்த கார். என் தம்பி ஓட்ட, பக்கத்தில் என் வீட்டுக்காரர். ஜன்னல் வழியே கையை ஆட்டி, "ஓரமாப் போங்கம்மா!" என்று கத்திவிட்டுப் போனார். எங்கள் கண்ணாடி முழுக்கச் சேறு.

மூன்றாம் சுற்றில் தண்ணீரைத் தாண்டினோம், கையுறை காப்பாற்றியது. தாண்டி அரை மைல் போவதற்குள் ரேடியேட்டர் குழாய் வெடித்து ஆவி கிளம்பியது. மணி நாலு இருபது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"எறங்குங்க அண்ணி! ஒப்பாரி அப்புறம் வச்சுக்கலாம். இன்னொரு கையுறை எங்க?"

ஜோடியில் மிச்சமிருந்ததைக் கொடுத்தேன். நீளவாக்கில் கீறி, கிழிந்த இடத்தில் இறுக்கிச் சுற்றி, கம்பியால் கட்டினாள். நாங்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் ரேடியேட்டர் குடித்தது. அங்கிருந்து உருட்டி உருட்டி, முடிவுக் கோட்டைத் தாண்டும்போது நாலு ஐம்பத்திரண்டு. எங்களோடு சேர்த்து இருபத்தெட்டு கார்கள் முடித்திருந்தன. நாங்கள் இருபத்தெட்டாவது.

அண்ணன் கார் இரண்டாவது. கப்பு கிடைக்காத கடுப்பில் என் தம்பியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். மிளகாய் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. நேரே மேஜைக்குப் போய் மஞ்சள் தாளை எழுதி, பணத்தோடு பெட்டியில் போட்டாள். மைக் பிடித்தவர் தாளைப் பிரித்துப் பார்த்தார், மறுபடி பார்த்தார், பிறகு கார் எண்ணைப் படித்தார்.

என் வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். பிறகு ஓடி வந்தார். "ஏய், வெளையாடறியா? வீட்டு வண்டிய வீட்டுக்குள்ளேயே யாராவது வெலைக்கு வாங்குவாங்களா?"

"வீட்டுக்குள்ளதான் கேட்டேண்ணா" என்றாள் மிளகாய். "எட்டு வருஷம் கேட்டேன்."

"நீங்க சொல்லுங்க சார்!" என்று கூட்டத்தைப் பார்த்தார் இவர். அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தின் முன்வரிசையில் நின்றவர் யார்? கியர்பாக்ஸ் வாத்தியார். நாலு வருடம் காத்திருந்த மனிதர், அவசரமே படாமல் சொன்னார்:

"ரூல்னா ரூல் சார்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. என் வீட்டுக்காரர் சாவியை எடுத்துத் தங்கையின் கையில் வைத்தார். முகம் செத்துப்போயிருந்தது. பாவமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை.

அவள் தன் காரில் ஏறி உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். கிளட்ச் எட்டவில்லை.

"நான் ஓட்டிட்டு வந்து ஷெட்டுல விட்டுடறேன்க்கா" என்று என் தம்பி முன்னால் வந்தான்.

"நீ போய் ஜெனரேட்டரப் போடு" என்றாள்.

பழுது பார்க்கப் பந்தயத்துக்காரர்கள் நிறுத்தியிருந்த உதவி வண்டியிலிருந்து வெட்டுகிற மெஷினும் வெல்டிங் செட்டும் இறங்கின. சீட்டின் கால்களை அறுக்க நேரம் பிடித்தது. இந்தத் தடவை அது காக்கா எச்சம் இல்லை, அவளே போட்ட பற்று. லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டதும் அண்ணனைப் பார்த்து, "பிடி" என்றாள். அவர் மண்ணில் முட்டி போட்டு, சீட்டைப் பிடித்தார்.

"இன்னும் முன்னாடி" என்றாள். "இன்னும்."

"இவ்வளவு கிட்டவா?"

"என் காலு இவ்வளவுதான். இப்பத்தான் பாக்கறியா?"

அவர் சீட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். அவள் பற்றவைத்து முடிக்கும் வரை, பொறி தெறித்தும் கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் கதவைச் சாத்தி, கிளட்சை ஒரே மிதியாக மிதித்து வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள். பக்கத்தில் என் தம்பி, காலை மடக்க இடமில்லாமல்.

மிச்சம் இருந்தது எங்கள் மருந்துக்கடை வண்டி. அதை யாராவது வீட்டுக்கு ஓட்டி வர வேண்டுமே. நான் ஏறிப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். என் வீட்டுக்காரர் உள்ளே நுழையவே மூன்று தடவை முயற்சி செய்தார். நுழைந்ததும் முழங்கால் இரண்டும் தாடைக்குக் கீழே வந்துவிட்டன, ஸ்டியரிங் நெஞ்சில் குத்தியது. அந்தச் சீட்டும் மிளகாயின் அளவுதான். ஒவ்வொரு பள்ளத்திலும் முட்டியில் இடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, பாதி தூரம் ஓட்டிய பிறகு கேட்டார்:

"இந்தச் சீட்ட கொஞ்சம் பின்னால தள்ளித் தரச் சொல்லக் கூடாதா?"

"அடுத்த வருஷம்" என்றேன்.